மாஸ்டா எம்எக்ஸ்-5 எஞ்சின்ல ஆயில் ஒழுகுதா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

மாஸ்டாவோட ரெண்டு சீட் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5, அதுல பழசை வச்சிருக்கவங்களும் சரி, வாங்கலாமான்னு சுத்தி வர்றவங்களும் சரி, கடைசில வந்து நிக்கிற கேள்வி ஒண்ணுதான்: அடியில ஆயில் சொட்டுது, பெரிய செலவு வைக்குமா? பெரும்பாலும் வைக்காது. ஆனா எங்க இருந்து வருதுன்னு தெரியாம கைய வச்சா கண்டிப்பா வைக்கும். நான் இருக்கிறது இங்கிலாந்துல, அதனால எம்ஓடி (வண்டி ரோட்ல ஓட லாயக்கான்னு இங்க நடக்கிற டெஸ்ட்), பவுண்டு கணக்குன்னு இந்த ஊர் விஷயம் நடுநடுவுல வரும், எஞ்சின் எந்த ஊர்லயும் அதே எஞ்சின்தான்.

இதுல சொல்றது எந்த வண்டிக்கெல்லாம் பொருந்தும்?

முதல் ஜெனரேஷன் எம்எக்ஸ்-5க்கு, அதாவது சுவிட்ச் போட்டா ஹெட்லைட் மேல எந்திரிச்சு வருமே அந்த மாடல். 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல முதல்ல காட்டினாங்க, 1997 வரைக்கும் செஞ்சாங்க. அமெரிக்கால மியாட்டான்னு பேரு, ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர். இங்க ஓடுறதுல நெறைய வண்டி ஜப்பான்ல இருந்து செகண்ட் ஹேண்டா இறங்கின யூனோஸ்தான், உள்ள எல்லாம் ஒண்ணுதான்.

ஆரம்பத்துல வந்தது 1.6 லிட்டர், அப்புறம் 1.8 வந்துச்சு. ரெண்டுமே மாஸ்டா 323 குடும்பக் கார்ல இருந்து வந்த வம்சம், பிளாக் (பிஸ்டன் ஓடுற கீழ்ப்பாகம்) காஸ்ட் அயர்ன், ஹெட் (அதுக்கு மேல உக்காருற பாகம்) அலுமினியம், வால்வைத் திறக்கிற கேம் தண்டு ரெண்டு, 16 வால்வ். அடிச்சாலும் தாங்குற எஞ்சின். ஆனா வயசு முப்பதைத் தாண்டியாச்சு, ரப்பர் எல்லாம் ரப்பராவே இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது. நான் கீழ சொல்றது 1.6ஐ மனசுல வச்சு, 1.8க்கும் முக்கால்வாசி பொருந்தும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா ஒழுகத்தானே செய்யும்? விட்டுடலாமே?

இந்தப் பேச்சு பழைய பிரிட்டிஷ் வண்டிங்கள்ல இருந்து வந்தது. எம்ஜி டிசி மாதிரி வண்டில இருந்த எக்ஸ்பிஏஜி எஞ்சின்ல கிராங்க் (பிஸ்டன்கள் சுத்த வைக்கிற தண்டு) பின்பக்கம் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீலே கிடையாது, ஷாஃப்ட்ல ஒரு திருகு மாதிரி வரி வெட்டி வச்சிருப்பாங்க, சுத்தும்போது அது ஆயிலை உள்ள தள்ளும், வண்டி நின்னா கொஞ்சம் வெளிய வரும். அது டிசைனே அப்படி, நாம ஒண்ணும் பண்ண முடியாது.

மாஸ்டா அந்த மாதிரி குட்டி ரோட்ஸ்டரோட ஜாலியை மட்டும் எடுத்துக்கிட்டு ஒழுகலை விட்டுட்டுதான் இந்த வண்டியையே செஞ்சான். 2016 ஏப்ரல்ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சுன்னா அதுக்குக் காரணம் காலைல சாவி போட்டா ஸ்டார்ட் ஆகும், கீழ சொட்டாதுங்கிறதுதான். அதனால எம்எக்ஸ்-5 ஒழுகுதுன்னா அது குணம் இல்ல, ஏதோ ஒரு ரப்பர் போயிருச்சு, அவ்ளோதான், மாத்தினா நிக்கும்.

எவ்ளோ ஒழுகினா பயப்படணும்?

வெளிப்பக்கம் லேசா ஈரமா, தூசி ஒட்டிக்கிட்டு கருப்பா இருந்தா அது கசிவு. அதுக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். நிறுத்தின இடத்துல காலைல ரெண்டு மூணு சொட்டு இருந்தா ஆற அமர வீக்கெண்ட்ல பாக்கலாம். குட்டை கட்டினா அன்னைக்கே பாக்கணும்.

இங்க எம்ஓடி டெஸ்ட்ல 2018 மே மாசத்துல இருந்து ஒழுகலையும் பாக்குறாங்க. எஞ்சின் ஐடில்ல ஓடும்போது அஞ்சு நிமிஷத்துக்குள்ள தரைல 75 மில்லிமீட்டருக்கு மேல அகலமா குட்டை தேங்கினா ஃபெயில். அது ரொம்பவே பெரிய ஒழுகல், நாம பேசுற கேஸ் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது.

அளவை விட எங்க விழுதுங்கிறதுதான் முக்கியம். மூணு இடம் ஆபத்து. முதலாவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையை வெளிய கொண்டு போற குழாய்) மேல, சூடான இரும்புல ஆயில் பட்டு புகை வரும், ஹீட்டர் போட்டா உள்ள கருகின வாசனை அடிக்கும், இதைப் பாத்தா வண்டியை ஓட்டாதீங்க, தீ பிடிக்கிற விஷயம். ரெண்டாவது, டைமிங் பெல்ட் (கிராங்க் கேமைச் சுத்த வைக்கிற ரப்பர் பெல்ட்) மேல. மூணாவது, கிளட்ச் மேல, ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறாம இருந்தா சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, இந்த எஞ்சின்ல கொள்ளளவே ஃபில்டரோட சேத்து மூணரை லிட்டர் சொச்சம்தான். அரை லிட்டர் போனாலே டிப்ஸ்டிக்ல நல்லா தெரியும். லெவல் இறங்கினா மேல ஹெட்ல டிக் டிக்னு சத்தம் ஆரம்பிக்கும், வால்வ் இடைவெளியைத் தானா சரி பண்ற ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கு, ஆயில் பத்தலைன்னா முதல்ல கத்துறது அதுதான். அந்தச் சத்தம் கேட்டா ஒழுகலை அப்புறம் பாக்கலாம், முதல்ல ஆயிலை ஊத்துங்க.

எங்க இருந்து வருதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கீழ பாத்தா எல்லாமே நனைஞ்சு கெடக்கு

இங்கதான் பாதிப் பேர் காசை விடுறாங்க. சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. ஆயில் கீழ இறங்கும், அதோட வண்டி ஓடும்போது காத்து அதை பின்னாடி தள்ளும். அதனால எஞ்சினோட முன்பக்கம், மேல, பின்னாடின்னு எங்க ஒழுகினாலும் கடைசில அது போய் சேர்ற இடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற பெல் ஹவுசிங்தான். அங்க ஒரு சொட்டு தொங்குறதைப் பாத்துட்டு பின் சீல், அதாவது கிராங்க் பின்முனைல இருக்கிற ரியர் மெயின் சீல், போச்சுன்னு முடிவு கட்டிர்றாங்க.

முதல் வேலை கழுவுறது. வேற எதுவும் செய்யாதீங்க, கழுவுங்க. எஞ்சின் ஆறின பிறகு டிகிரீசர் அடிச்சு, பழைய பிரஷ்ல தேச்சு, சுத்தமா துடைச்சு எடுங்க. பிரஷர் வாஷர் வேண்டாம், பின்னாடி இருக்கிற காயில், சென்சார் கனெக்டர்ல தண்ணி போனா புது பிரச்சனை. கடைசியா துணியில பிரேக் கிளீனர் நனைச்சு துடைச்சா மூலை முடுக்கெல்லாம் வெள்ளையா வந்துரும்.

அப்புறம் ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்து டார்ச் எடுத்து மேல இருந்து கீழ பாருங்க. கீழ இருந்து மேல இல்ல. எந்த இடம் உசரத்துல ஈரமா இருக்கோ அதுதான் ஊத்து, அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் வழிஞ்சது. கை போகாத இடத்துக்கு ஃபோனை வீடியோல போட்டு ஃபிளாஷோட உள்ள நீட்டுங்க, ஹெட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடுக்கைப் பாக்க இதை விட நல்ல வழி இல்ல.

அப்பவும் பிடிபடலைன்னா டால்கம் பவுடர். சுத்தம் பண்ண இடத்துல லேசா தூவிட்டு ஓட்டிட்டு வந்து பாத்தா ஆயில் வந்த தடம் பழுப்பா கோடு போட்டிருக்கும். அதுவும் ஆகலைன்னா யூவி டை, சின்ன பாட்டில், ஆயில்ல ஊத்தி ஓட்டிட்டு ராத்திரில யூவி டார்ச் அடிச்சா பச்சை மஞ்சளா மின்னும். ராத்திரி வண்டி நிறுத்துற இடத்துல ஒரு பெரிய அட்டையைப் போட்டு முன் சக்கரம் எங்க இருந்துச்சுன்னு பேனால குறிச்சு வச்சா சொட்டு எந்த நேருக்கு விழுதுன்னும் ஒரு ஐடியா கெடைக்கும்.

அது எஞ்சின் ஆயில்தானான்னும் பாருங்க. கியர்பாக்ஸ் ஆயிலை மோந்து பாத்தா கந்தக நாத்தம் குப்புன்னு அடிக்கும், ஒரு தடவை மோந்தவங்க மறக்க மாட்டாங்க. கூலன்ட்னா பச்சையோ சிவப்போ, இனிப்பு வாசனை. கிளட்ச் ஃப்ளூயிட் தண்ணியா இருக்கும், கைல பட்டா வழுவழுன்னு இருக்கும், இந்த வண்டில கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுறது சர்வ சாதாரணம், அதுவும் பெல் ஹவுசிங் பக்கம்தான் விழும், ஏமாந்துராதீங்க.

மெக்கானிக் ரியர் மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்னு சொல்றாரு. நம்பலாமா அண்ணா?

உடனே சரின்னு சொல்லாதீங்க தம்பி. அவர் பொய் சொல்றாருன்னு சொல்ல வரல, கீழ இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். ஆனா இந்த எஞ்சின்ல ஹெட்டோட பின் சுவர்ல, ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்ள நாம உக்காருற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) பாத்த மாதிரி, கேம் ஆங்கிள் சென்சார்னு ஒரு உருண்டையான பொருள் சொருகியிருக்கும். பழைய வண்டில டிஸ்ட்ரிபியூட்டர் செஞ்ச வேலைல பாதியை இது செய்யுது, கேம் எந்தக் கோணத்துல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். கேம் ஷாஃப்ட் முனைல இது நேரா கோர்த்திருக்கு, அந்த இடத்துல எப்பவும் ஆயில் தெறிச்சுக்கிட்டே இருக்கும், அதை வெளிய விடாம தடுக்குறது ஒரே ஒரு ரப்பர் ஓ-ரிங்.

முப்பது வருஷமா எஞ்சின் சூட்டுல வெந்து அந்த ஓ-ரிங் இறுகிப்போகும், உருண்டையா இருந்தது ஒரு பக்கம் தட்டையாகி சுவரைப் பிடிக்காம விட்டுரும். ஆயில் மெதுவா ஹெட் பின்னாடி வழிஞ்சு, பிளாக் பின்னாடி இறங்கி, பெல் ஹவுசிங் அடியில வந்து சொட்டும். கீழ பாக்கிறவருக்கு அச்சு அசல் ரியர் மெயின் சீல் ஒழுகல்தான். ஒண்ணு சில பவுண்டு ரப்பர் வளையம், இன்னொண்ணு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழட்டி நூத்துக்கணக்குல பவுண்டு. வித்தியாசம் தெரியணும்னா மேல இருந்து அந்த சென்சாரைச் சுத்தி விரலை விட்டுத் தடவிப் பாருங்க. விரல்ல ஆயில் வந்தா முதல்ல இதை மாத்துங்க, கழுவுங்க, ஒரு வாரம் ஓட்டுங்க, அப்புறமும் சொட்டினா பின் சீலைப் பத்திப் பேசலாம்.

இன்னொரு காரணத்துக்கும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த சென்சாருக்குக் கீழயே ஹீட்டருக்குப் போற ரப்பர் ஹோஸ் ஓடுது. ஆயில் சொட்டிச் சொட்டி அந்த ஹோஸ் ஊறி மெத்துன்னு ஆயிரும், ஒரு நாள் ஹைவேல வெடிச்சு கூலன்ட் பூரா கொட்டிரும். லெவலைப் பாத்துக்கிட்டா ஆயில் ஒழுகல் எஞ்சினைக் கொல்லாது, இந்த ஹோஸ் போனா கொன்னுரும்.

அந்த ஓ-ரிங்கை நானே மாத்த முடியுமா?

முடியும். வேலை சின்னது, இடம்தான் கேவலமா இருக்கு. வேணுங்கிறது 12 மில்லிமீட்டர் சாக்கெட், சின்ன ராட்செட், ஒரு எக்ஸ்டென்ஷன், வளையிற மூட்டு ஒண்ணு, டார்ச், பெயின்ட் மார்க்கர், பழைய துணி, அப்புறம் புது ஓ-ரிங். மாஸ்டா ஒரிஜினலே வாங்குங்க, இல்லைன்னா அதே அளவுல விட்டான் ரப்பர்ல வர்றது, சாதா நைட்ரைலை விட சூடு அதிகம் தாங்கும். பெட்டில கெடக்குற ஏதோ ஒரு ஓ-ரிங்கை அளவு பாத்து மாட்டலாம்னு போகாதீங்க.

எஞ்சின் நல்லா ஆறட்டும். பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, இந்த வண்டில பேட்டரி டிக்கில இருக்குன்னு புதுசா வாங்கினவங்களுக்குச் சொல்லிக்கிறேன். 1.6ல இக்னிஷன் காயில் பேக் ஹெட் பின்னாடியே சென்சார் பக்கத்துல உக்காந்திருக்கும், அதைக் கழட்டி ஓரமா வச்சா கை போக இடம் கெடைக்கும், கழட்டுறதுக்கு முன்னாடி எந்த பிளக் ஒயர் எங்க போகுதுன்னு ஒரு ஃபோட்டோ எடுத்துருங்க.

இப்ப முக்கியமான விஷயம். சென்சார் பாடிலயும் ஹெட்லயும் சேத்து ஒரு கோடு போடுங்க. பெயின்ட் மார்க்கர்ல போட்டது ஆயில் பட்டு அழிஞ்சுரும்னு பயமா இருந்தா ஊசியால லேசா கீறுங்க. இந்த சென்சாரை இடம் வலமா திருப்பித்தான் இந்த வண்டில இக்னிஷன் டைமிங்கே (பிளக் எந்த நேரத்துல பொறி விடணும்ங்கிறது) செட் பண்றது, அதனால அந்தக் கோடு போச்சுன்னா டைமிங்கும் போச்சு.

கோடு போட்டாச்சா, கனெக்டரைக் கழட்டுங்க, பிளாஸ்டிக் கிளிப் வயசாகி உடையும், அவசரப்படாதீங்க. அப்புறம் அந்த ஒத்தை 12 மில்லிமீட்டர் போல்ட். கண்ணுக்குத் தெரியாது, கையாலயே தடவிக் கண்டுபிடிச்சு சாக்கெட்டை உக்கார வைக்கணும், சாக்கெட் முழுசா உக்காந்துச்சான்னு ரெண்டு தடவை பாத்துட்டு அப்புறம் பலத்தைக் குடுங்க, தலை வழுக்கிருச்சுன்னா அந்தச் சந்துல வேற வழியே இல்ல. போல்ட் வந்த பிறகும் சென்சார் சும்மா வராது, இடமும் வலமுமா திருப்பிக்கிட்டே பின்னாடி இழுங்க. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, அலுமினியம் கீறினா புது ஓ-ரிங் போட்டாலும் ஒழுகும். வெளிய வரும்போது கொஞ்சம் ஆயில் கொட்டும், கீழ ஹோஸ் மேல துணியை முன்னாடியே போட்டு வைங்க.

பழைய ஓ-ரிங்கைப் பாத்தா நம்பவே மாட்டீங்க, நகத்தால குத்தினா பள்ளம் விழாது, வளைச்சா காஞ்ச முறுக்கு மாதிரி படக்குன்னு உடையும். அதை எடுத்துட்டு அந்தப் பள்ளத்தை பட்ஸ் வச்சு சுத்தமா துடைங்க, ஹெட்ல இருக்கிற ஓட்டையோட உள் சுவரையும். புது ஓ-ரிங்ல எஞ்சின் ஆயில் தடவி, முறுக்காம உக்கார வைங்க. சீலன்ட் எதுவும் போடக் கூடாது.

திரும்ப மாட்டும்போது சென்சார் முனைல இருக்கிற நாக்கைப் பாருங்க, அது சரியா நடுவுல இருக்காது, ஒரு பக்கமா லேசா தள்ளியிருக்கும், கேம்ல இருக்கிற வெட்டும் அதே மாதிரி. ரெண்டையும் பொருத்திப் பாத்து அப்புறம் தள்ளுங்க. சரியா இருந்தா கை பலத்துலயே உள்ள போய் உக்காரும். கடைசி சில மில்லிமீட்டர் போகலைன்னா போல்ட்டைப் போட்டு இழுத்துரலாம்னு நெனைக்காதீங்க, அரைச் சுத்து தப்பா இருக்குன்னு அர்த்தம், வெளிய எடுத்துத் திருப்பிப் போடுங்க. அப்புறம் கோட்டுக்குக் கோடு சேத்து போல்ட்டை இறுக்குங்க, வெறி கொண்டு இறுக்க வேண்டாம். ஹோஸைத் துடைச்சு அமுக்கிப் பாத்து மெத்துன்னு இருந்தா அதையும் இப்பவே மாத்துங்க, மறுபடி அந்தச் சந்துக்குள்ள கை விட யாருக்கு ஆசை.

டைமிங் லைட் இல்ல, கோடு சேந்திருந்தா போதுமா?

ஓட்டிட்டுப் போற அளவுக்குப் போதும். ஆனா கோடு ஒரு இழை தள்ளினாலும் ஒண்ணு ரெண்டு டிகிரி மாறும், அதனால எப்பவாவது ஒரு டைமிங் லைட்டை (பிளக் பொறி விடும்போதெல்லாம் மின்னுற விளக்கு) கடன் வாங்கியாவது பாத்துருங்க. எஞ்சின் சூடாகட்டும், ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாம் ஆஃப், எஞ்சின் பே உள்ள இருக்கிற டயக்னாஸ்டிக் பெட்டியைத் திறந்து மூடியில போட்டிருக்கிறபடி TEN, GNDன்னு இருக்கிற ரெண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால இணைங்க. அப்பதான் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு டைமிங்கை மாத்தாம சும்மா இருக்கும். லைட்டோட கிளாம்பை முதல் சிலிண்டர் ஒயர்ல மாட்டி கிராங்க் புல்லில அடிச்சா குறி 10 டிகிரில நிக்கணும். நெறைய பேர் 14 டிகிரிக்குத் தள்ளி வைப்பாங்க, கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கும், ஆனா அப்படி வச்சா நல்ல ஆக்டேன் பெட்ரோல்தான் போடணும்.

ஸ்பார்க் பிளக் கழட்டினா குழி பூரா ஆயிலா இருக்கு, இது என்ன?

கேம் கவர் கேஸ்கெட், அதாவது ஹெட்டோட மேல் மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர். ஓ-ரிங்குக்கு அடுத்தபடியா இந்த எஞ்சின்ல ஒழுகுறது இதுதான். கவர் ஓரத்துல போனா வெளிய வழியும், நடுவுல பிளக் குழியைச் சுத்தி இருக்கிற ரப்பர் போனா குழில தேங்கும், பிளக் ஒயர் பூட் ஊறி கரன்ட் கசிஞ்சு எஞ்சின் மிஸ் அடிக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் ஒழுகினா மேல சொன்ன புகை கேஸ்.

கேஸ்கெட் வெலை கம்மி, வேலையும் லேசு. ஒயர், ஹோஸ் எல்லாம் கழட்டி, 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளை எடுத்து, கவரைத் தூக்குங்க. தூக்குறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ணு, தூசியைத் துடைச்சுருங்க, திறந்த உடனே எல்லாம் கேம் மேல விழும். பிளக் குழில தேங்கின ஆயிலை பிளக்கைக் கழட்டுறதுக்கு முன்னாடியே துணியால உறிஞ்சி எடுங்க, இல்லைன்னா அது நேரா சிலிண்டருக்குள்ள போகும்.

புது ரப்பரை கவர் பள்ளத்துல சீரா அமுக்கி உக்கார வச்சு, முன்னாடி கேம் கேப் ஹெட்டோட சேர்ற மூலைகள்லயும் பின்னாடி அரை வட்ட வளைவு முடியிற மூலைகள்லயும் மட்டும் ஒரு பட்டாணி அளவு சிலிக்கான் வைங்க. இந்த மூலைல வைக்காம விட்டுட்டு, புது கேஸ்கெட்டும் ஒழுகுதுன்னு புலம்புறவங்கதான் அதிகம்.

போல்ட்டை இறுக்குறதுலதான் விஷயமே இருக்கு. கணக்கு 5ல இருந்து 9 நியூட்டன் மீட்டர். இது எவ்ளோ கம்மின்னா, ராட்செட்டை நீள கைப்பிடில பிடிக்காம தலையைப் பிடிச்சு ரெண்டு விரலால திருப்புற பலம். நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்தா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. இன்னும் கொஞ்சம் இறுக்கினா ஒழுகாதுன்னு நெனைச்சு பலத்தைக் காட்டினா அலுமினிய ஹெட்ல மரை பிடுங்கிக்கிட்டு வந்துரும், அப்புறம் சின்ன கேஸ்கெட் செலவு பெரிய செலவா மாறும்.

சுத்தி சிலிக்கான் அப்பிட்டா என்ன? கேஸ்கெட்டே வேண்டாமே?

வேண்டாம். வெளிய பிதுங்குற அளவு உள்ளயும் பிதுங்கும். அது பிஞ்சு ஆயிலோட சம்ப்புக்கு (எஞ்சின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) போய் ஆயில் பம்ப் உறிஞ்சுற வலையை அடைக்கும். பழைய ஒழுகலுக்கு மேல வெளிய இருந்து பூசுறதும் அதே லட்சணம், ஆயில் இருக்கிற இடத்துல சிலிக்கான் ஒட்டாது.

எல்லா சீலையும் மாத்திட்டேன், ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஒழுகுது, ஏன்?

பிசிவி வால்வைப் பாத்தீங்களா? கேம் கவர்ல இன்டேக் பக்கமா ஒரு ரப்பர் வளையத்துல சொருகியிருக்கும், அதுல இருந்து ஹோஸ் இன்டேக்குக்குப் போகும். பிஸ்டனைத் தாண்டி கீழ வர்ற வாயுவை உறிஞ்சி மறுபடி எரிக்கிறதுதான் இதோட வேலை. இது அடைச்சுக்கிட்டா உள்ள பிரஷர் ஏறும், ஏறின பிரஷர் எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயிலைத் தள்ளும்.

சோதிக்க கருவி எதுவும் வேண்டாம், கழட்டி ஆட்டுங்க, உள்ள கடகடன்னு சத்தம் வரணும். வாயால ஊதினா ஒரு பக்கம் போகணும், மறுபக்கம் போகக் கூடாது. சத்தம் வராம பிசுபிசுன்னு இருந்தா கிளீன் பண்ணிட்டு இருக்காதீங்க, புதுசு போடுங்க. அந்த ரப்பர் வளையமும் இறுகி அங்கயே கசியும், சேத்து மாத்துங்க. நியாயமா பாத்தா எந்த சீலையும் தொடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது.

எஞ்சின் முன்பக்கம் நனைஞ்சிருக்கு

அப்படின்னா கேம் சீல் ரெண்டு, கிராங்க் முன் சீல் ஒண்ணு, இதுல ஏதோ ஒண்ணு. எல்லாமே டைமிங் பெல்ட் கவருக்குப் பின்னாடி இருக்கு. பெல்ட் மாத்துற கணக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர், அதுக்குப் பக்கத்துல வந்திருந்தா பெல்ட், வாட்டர் பம்ப், மூணு சீல் எல்லாத்தையும் ஒரே அடியா முடிச்சுருங்க. தனியா சீல் மட்டும் மாத்துறது காசுக்குப் பிடிச்ச கேடு, உழைப்பு எல்லாம் திறக்குறதுலதான். ஆயில்ல ஊறின பெல்ட்டைத் துடைச்சு மறுபடி போடாதீங்க. இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தாலும் வால்வ் பிஸ்டன்ல இடிக்காது, அது ஒரு நிம்மதி, ஆனா வண்டி நடு ரோட்ல நின்னுரும்ல.

ஆரம்ப 1.6 வச்சிருக்கவங்க ஒரு விஷயம் பாத்துக்கோங்க. 1991 வாக்குல வரைக்கும் வந்த வண்டிகள்ல கிராங்க் முனை குட்டையா இருக்கும், புல்லி முகத்துல நாலு வெட்டு இருந்தா அது, எட்டு வெட்டு இருந்தா பிற்பாடு வந்த நீளமான முனை. குட்டை முனைல அந்தப் பெரிய போல்ட்டை சரியா இறுக்காம விட்டா புல்லி தனியா சுத்தாம பூட்டி வைக்கிற கீன்னு சொல்ற சின்ன உலோகத் துண்டும் அது உக்காருற பள்ளமும் தேஞ்சு புல்லி ஆட ஆரம்பிக்கும், கிராங்கே போயிரும். நாலு வெட்டு பாத்தா இந்த வேலையை அனுபவம் இருக்கிறவர்கிட்ட குடுங்க, ஆயில் சீலுக்காக கிராங்கை இழக்க வேண்டாம்.

ஆயில் ஃபில்டர் பக்கம் ஈரமா இருக்கு

ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, மாத்தும்போதே கை, கவர், சப்ஃபிரேம் (எஞ்சினைத் தாங்குற இரும்புச் சட்டம்) எல்லாம் ஆயில் ஆகும். அதனால இப்பதான் ஆயில் மாத்தினீங்கன்னா அது மிச்சம் மீதியா இருக்கலாம், துடைச்சுட்டு ரெண்டு நாள் பாருங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் பிளாக்லயே ஒட்டிக்கிட்டு அது மேலயே புதுசைப் போட்டாலும் ஒழுகும், அது கசியாது, பீச்சும், உடனே எஞ்சினை ஆஃப் பண்ணுங்க.

பக்கத்துலயே ஆயில் பிரஷரை அளக்குற சென்சார் இருக்கு, வயசானா அதோட பாடி வழியாவே ஆயில் ஊறி கனெக்டருக்குள்ள வரும், மாத்துறதைத் தவிர வழி இல்ல. டிப்ஸ்டிக் குழாய் பிளாக்ல நுழையிற இடத்துலயும் ஒரு ஓ-ரிங் இருக்கு, யாரும் பாக்காத இடம்.

சம்ப் ஒழுகினா?

முதல்ல டிரெயின் போல்ட்டோட வாஷரைப் பாருங்க, ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புதுசு போடணும், காசு ஒரு பொருட்டே இல்ல. சம்ப் இணைப்பே ஒழுகுதுன்னா இந்த வண்டில சப்ஃபிரேம் இறக்காம, இல்ல எஞ்சினைத் தூக்காம சம்ப்பை வெளிய எடுக்க முடியாது. லேசா கசிஞ்சா விட்டுருங்க, எப்பவாவது கிளட்சுக்கோ வேற எதுக்கோ எஞ்சின் வெளிய வரும்போது பாத்துக்கலாம்.

ஸ்டாப் லீக் பாட்டில் ஊத்தலாமா? சிந்தெட்டிக் போட்டதால ஒழுகுதுன்னு சொல்றாங்களே?

ஸ்டாப் லீக் ரப்பரை ஊற வச்சு உப்ப வைக்கும். லேசா சுருங்கின சீலுக்கு கொஞ்ச நாள் உதவும். கல்லா இறுகின ஓ-ரிங்கை எதுவும் இளக்காது. ஒழுகாத நல்ல சீலையும் சேத்து உப்ப வைக்கும்ங்கிறதால எனக்கு அதுல இஷ்டமே இல்ல.

சிந்தெட்டிக் ஒழுக வைக்காது. பழைய சீலைச் சுத்தி அடைச்சுக்கிட்டு இருந்த கசடைக் கழுவி எடுக்கும், அதுவரைக்கும் கசடு தாங்கிக்கிட்டு இருந்த ஒழுகல் வெளிய தெரியும். நல்ல 10டபிள்யூ-40 செமி சிந்தெட்டிக் இந்த எஞ்சினுக்குப் போதும். ஒழுகுதுன்னு ரொம்ப கெட்டியான ஆயிலுக்குப் போனா குளிர்ல அந்த லிஃப்டருங்க கத்துறது கூடும்.

அடியில படுத்துப் பாக்கணும்னா ஜாக் எங்க வைக்கிறது?

முன்னாடி கிராஸ்மெம்பர் (அடியில குறுக்க போற இரும்பு) நடுவுல, பின்னாடி டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற கியர் உருண்டை) அடியில, டிராலி ஜாக். தூக்கின உடனே ஆக்சில் ஸ்டாண்ட். வண்டியோட வந்த கத்தரிக்கோல் ஜாக் டயர் மாத்த மட்டும்தான். ஜாக்ல மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில ஒரு நிமிஷம்தானேன்னு தலையை விடாதீங்க, தரை சரிவா இருந்தாலும் செய்யாதீங்க.

வாங்கப் போற வண்டில ஒழுகுது, விட்டுடவா?

துருவை விட ஒழுகல் ஆயிரம் மடங்கு மேல். இந்த வண்டியைக் கொல்றது கதவுக்குக் கீழ ஓடுற பாடி ஓரத்துலயும் (ஆங்கிலத்துல sill) பின் சக்கர வளைவுலயும் பிடிக்கிற துரு, ஆயில் இல்ல. சொல்லப்போனா எஞ்சின் பளபளன்னு இப்பதான் கழுவின மாதிரி இருந்தா நான் அதிகமா சந்தேகப்படுவேன். டெஸ்ட் டிரைவ் அரை மணி நேரம் கேளுங்க, வந்து மறுபடி பானெட்டைத் திறந்து ஹெட் பின்னாடி விரலை விடுங்க. விக்கிறவர் பின் சீல்னு நெனைச்சு வெலையைக் கொறைச்சிருந்தா, விரல்ல ஆயில் வந்துச்சுன்னா, பேசாம வாங்கிட்டு வந்துருங்க.

டிரைவ்வேல ஆயில் கறை, வீட்ல திட்டுறாங்க

பூனை மண்ணை, அதான் பூனை கழிக்கப் போடுற களிமண் துகள், கறை மேல கொட்டி செருப்புக் காலால நல்லா அரைச்சு ராத்திரி பூரா விடுங்க. காலைல கூட்டி எடுத்துட்டு சோப்புத் தூள், சுடு தண்ணி, கம்பி பிரஷ். பழைய கறை முழுசா போகாது. வடிச்ச ஆயிலை சாக்கடைல ஊத்தாதீங்க, மூடி இருக்கிற கேன்ல சேத்து கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டர்ல குடுத்தா பெரும்பாலும் சும்மாவே வாங்கிப்பாங்க, எஞ்சின் ஆயிலுக்குன்னு தனி டேங்க் வச்சிருப்பாங்க, அதுல கூலன்டைக் கலந்துராதீங்க.